தாழ்வு மனப்பான்மைக்கு நாற்பத்தொரு அட்டை

எங்கள் அலுவலகத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. இதுதான் பொருள் என்று நான் நினைத்தால் போதாது. அந்தப் பொருளில் அந்தச் சொல்லை யாராவது வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அதை யாராவது காதால் கேட்டு அட்டையில் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அப்படி மூன்று அட்டையாவது இழுப்பறையில் இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால், ஊர் உலகத்துக்கே தெரிந்த பொருளாக இருந்தாலும் அச்சில் ஏறாது.

பேச்சு வழக்கு அகராதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் பதிப்பாசிரியர் அம்மாவின் கட்சி. "ஆதாரம் இல்லாம அர்த்தம் கிடையாது" என்பார். காலையில் வணக்கம் சொன்னால்கூட ஆதாரம் கேட்பாரோ என்று எனக்குப் பயம்.

நான் அங்கே பதினாறு வருடமாக அட்டை பிரிக்கிறேன். வீட்டில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே 'அகராதி' என்றுதான் பெயர். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்கிறவனை அகராதி பிடித்தவன் என்பார்களே, அந்தக் கணக்கில் வந்த பெயர். கடைசியில் பிழைப்பும் அதிலேயே அமைந்தபோது உறவுக்காரர்கள் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வருடம் ஆயிற்று.

அட்டைகளை அனுப்புகிறவர்கள் வெளி ஆட்கள். பஸ் நடத்துனர், பள்ளிக்கூட டீச்சர், முடிதிருத்துகிறவர் என்று முந்நூறு பேர் இருக்கிறார்கள். காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுத வேண்டும். தன் வாயில் வந்ததானாலும் மறைக்காமல் எழுத வேண்டும். கீழே மூன்று வரி: சொன்னவர் யார், யாரைப் பற்றி, யாரிடம். அனுப்பியவரின் பெயர் மூலையில் இருக்கும். அட்டை ஒட்டுகிற அம்மாவை நாங்கள் பசையம்மா என்போம். அவர் அந்த மூலையைக் கத்தரித்துவிட்டு அட்டையைத் தடித்த தாளில் ஒட்டி, அந்தந்த எழுத்தின் இழுப்பறையில் போட்டுவிடுவார். அந்த எழுத்தின் முறை வரும்வரை அதை யாரும் எடுத்துப் படிக்க மாட்டோம். 'ச' முடியவே எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது.

அக்காவையும் அட்டை எழுத நான்தான் சேர்த்துவிட்டேன். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பல்வலியோடு வருகிறவர்கள் எப்படியெல்லாம் பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு வந்த வசைச்சொற்களில் பாதி அவள் புண்ணியம்தான்.

ஆனால் அவள் வீட்டுக்கு நான் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருப்போம். மாதம் ஒரு முறை போன் செய்வாள். நலம் விசாரிப்பாள். வைக்கிறதுக்கு முன்னால் தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள்.

"இப்ப எந்த எழுத்துடா?"

"'ச'தான்."

"இன்னும் 'ச'வா?"

எனக்குச் சுர்ரென்று ஏறும். அத்தான் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். மாதத்துக்கு நாலு கட்டடத்தை மேலும் கீழுமாக ஓட வைக்கிறவர். நான் மூன்று வருடமாக ஒரே எழுத்தில் உட்கார்ந்திருக்கிறேன். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் போன் செய்தபோது வேறொன்று சொன்னாள். அத்தானுக்கு மாற்றல். விமானத்தில் போனாலே அரை நாள் ஆகும் ஊர்.

"திங்கக்கிழமை சாமான் ஏத்துறாங்க. ஞாயித்துக்கிழமையாவது ஒரு எட்டு வந்துட்டுப் போடா."

"பாக்கலாங்க்கா."

'பார்க்கலாம்' என்பதற்கு 'வர மாட்டேன்' என்று ஒரு பொருள் உண்டு. 'ப' இழுப்பறையைத் திறந்தால் பதினேழு அட்டையாவது கிடைக்கும். அக்காவுக்கும் அது தெரியும். வழக்கம்போல, "இப்ப எந்த எழுத்து?" என்றாள்.

"'த' ஆரம்பிச்சாச்சு."

"'தா' வந்துடுச்சா?"

"இந்த வாரம் வரும். ஏன்?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை என் மேசைக்கு 'தாழ்வு மனப்பான்மை' வந்தது. நாற்பத்தொரு அட்டை. இதில் என்ன இருக்கிறது, டீ வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய அகராதிகள் எல்லாம் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன: தான் பிறரைவிடக் குறைந்தவர் என்று ஒருவர் தன்னைப் பற்றிக் கொள்ளும் எண்ணம். ஆக, தன்னைப் பற்றித் தானே சொன்ன மூன்று அட்டையை எடுத்து முன்னால் வைத்தால் வேலை முடிந்தது.

நான் எப்போதும் முதலில் வாக்கியத்தைப் படிக்க மாட்டேன். 'யாரைப் பற்றி' என்ற வரியை மட்டும் பார்த்து இரண்டு தட்டில் பிரிப்பேன். இடது தட்டு தன்னைப் பற்றிச் சொன்னது. வலது தட்டு மற்றவரைப் பற்றிச் சொன்னது. மேலாளர், ஊழியரைப் பற்றி, வலது. மாமியார், மருமகளைப் பற்றி, வலது. டீச்சர், பக்கத்து வகுப்பு டீச்சரைப் பற்றி, வலது. டீ வந்து ஆறிப்போனது. நாற்பத்தோராவது அட்டையை வைத்த பிறகு பார்த்தால் இடது தட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மறுபடியும் எண்ணினேன். நாற்பத்தொன்றும் வலது தட்டில். ஒருத்தர்கூடத் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. மனதுக்குள் இருக்கும் ஒரு சமாச்சாரத்தைப் பற்றி, யாருடைய மனதில் அது இருக்கிறதோ அவர் மட்டும் வாயே திறக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது.

எனக்குக் குஷி பிறந்துவிட்டது. இந்த மாதிரி விஷயம் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும். பசையம்மாவிடம் போனேன். கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தாழ்வு மனப்பான்மை உண்டாம்மா?"

"எனக்கெதுக்கு சார் அதெல்லாம்? நான் பாட்டுக்கு ஒட்டிக்கிட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன் மேல்மாடில கூட்டம் நடந்தா வந்து உக்கார மாட்டேங்கிறீங்க?"

"படிச்சவங்க பேசுற இடத்துல எனக்கென்ன வேலை? கையெல்லாம் வேற பசை."

சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டார். அவர் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. கையில் பசை என்றுதான் சொன்னார். இதை எந்த இழுப்பறையில் போடுவது? 'ப'விலா?

வியாழக்கிழமை வலது தட்டை நிதானமாகப் படித்தேன். வாக்கியம் பேசப்படுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொன்றிலும் தேடினேன். தோண்டத் தோண்ட ஒரே சங்கதிதான் வந்தது. ஊழியர் ஒருத்தர் மேலாளர் வீட்டு விருந்துக்குப் போகவில்லை. மருமகள் பொதுக் கூடத்தில் வந்து உட்காரவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் இரவல் கொடுத்த புடவையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரோ ஒருவர் வரவில்லை, வாங்கவில்லை, சேரவில்லை. ஏன் என்று அவரிடம் போய்க் கேட்டால் நம் மேல் ஏதாவது பிசகு இருப்பதாகத் தெரிந்துவிடலாம். அதனால் கேட்காமல், 'அவருக்குத் தாழ்வு மனப்பான்மை' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சொல்கிறவருக்கு நிம்மதி. சொல்லப்பட்டவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆட்களை நினைத்துச் சிரிப்பாக வந்தது. எவ்வளவு சாமர்த்தியம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருபத்தேழாவது அட்டையை எடுத்தேன்.

'அவனுக்குத் தாழ்வு மனப்பான்மைங்க. அவ்வளவு பெரிய சோஃபா கிடக்கு, சாப்பாட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசல் பக்கமா உக்காந்திருந்தான் பாருங்க.'

சொன்னவர்: அக்கா. யாரைப் பற்றி: தம்பி. யாரிடம்: கணவரிடம்.

மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. அதற்கு என்ன, கையெழுத்தைக் கத்தரிக்க முடியுமா? பள்ளிக்கூட நாளில் எனக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்த கையெழுத்து. அந்தச் சோஃபாவும் எனக்குத் தெரியும். உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிடும். எனக்கு முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவியிருக்கிறது. அதில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் நாற்காலி. அது வாசல் பக்கம் இருந்ததற்குக் காரணம், மின்விசிறி அங்கேதான் இருந்தது.

தாழ்வு மனப்பான்மையாம். எனக்காம். இருபத்தாறு பேரைப் படித்துச் சிரித்த நான், இருபத்தேழாவது ஆள் நானாகவே இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். வந்த தேதி இருந்தது. நான் கடைசியாக அக்கா வீட்டுக்குப் போன அதே வாரம்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அத்தானுடைய கம்பெனி ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் காட்டி, "சார் என்ன பண்றாரு?" என்று கேட்டார். அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல இருக்கான்" என்றாள். அவ்வளவுதான். எந்த ஆபீஸ், என்ன வேலை, ஒன்றும் கிடையாது. என் வேலையைச் சொல்ல இவளுக்கு வெட்கம் என்று எனக்குப் பட்டது. டீ கையில் இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை.

வெள்ளிக்கிழமை பதிப்பாசிரியரிடம் போனேன். அட்டைகளைப் பரப்பி, நாற்பத்தொன்றும் ஒரே தட்டு என்று காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"இருபத்தேழை மட்டும் ஏன் தனியா வச்சிருக்கீங்க?"

"அது கொஞ்சம் சந்தேகமான அட்டை மேடம். சொல்லப்பட்டவருக்கு முதுகுவலி."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் இருபத்தேழை எடுத்து மற்ற அட்டைகளுக்கு நடுவில் செருகினேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார்.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். தன்னைப் பத்திச் சொன்ன அட்டை மூணு கிடைச்சா பழைய பொருள் நிக்கும். கிடைக்கலைன்னா எடுத்துட வேண்டியதுதான். சந்தேகம்னா, சொன்னவங்களைக் கேட்டுத் தெளிவு பண்ணிக்கலாம்னு நம்ம விதியிலயே இருக்கு."

விதி இருக்கிறது. பதினாறு வருடத்தில் நான் யாரையும் போய்க் கேட்டதில்லை. சனிக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பல்லில் சிக்கிய நார் மாதிரி ஒரு சந்தேகம் நெருடிக்கொண்டே இருந்தது. ஒருவேளை நிஜமாகவே எனக்கு அது இருக்கிறதோ? இருந்தால் எனக்குத் தெரியுமா? நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லையே. திங்கட்கிழமை அவள் போய்விட்டால் யாரிடம் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஐந்தாவது மாடி. லிஃப்ட் மேற்பார்வையாளர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடியும் ஏறினேன். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். எல்லாமே நறுக்கென்று இருந்தன.

கதவு திறந்தே கிடந்தது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அத்தான் சாமான் கட்டுகிற ஆட்களோடு உள்ளறையில் இருந்தார். அக்கா பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாடா" என்றாள். பிறகு, "'தா' வந்துடுச்சா?" என்றாள்.

நறுக்கென்ற வாக்கியம் ஐந்தும் எங்கே போயின என்று தெரியவில்லை. அட்டையை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன்.

"இது நீ எழுதினதுதானே?"

வாங்கிப் பார்த்தாள். "ஆமா."

"எனக்கு முதுகுவலிக்கா. அந்தச் சோஃபால உக்காந்தா எழுந்திருக்க முடியாது. அதுக்குப் பேரு தாழ்வு மனப்பான்மையா?"

"முதுகுவலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு தலகாணி வச்சிருப்பேனே."

"அதை விடு. இதை ஏன் எழுதி அனுப்பினே? யார் யாரோ படிக்கிற அட்டையில."

"யார் யாரோ எங்க படிக்கிறாங்க? நீதானே படிப்பே." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் மேசைக்கு வரும்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன். ஒரு வாரத்துல வந்துடும்னு நினைச்சேன். எழுத்து வரிசைப்படி வரும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதான் மாசா மாசம் கேட்டுக்கிட்டே இருந்தேன், எந்த எழுத்து, எந்த எழுத்துன்னு."

இரண்டு வருடமாக அவள் கேட்ட கேள்வி அது. இருபது முறைக்கு மேல் கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு 'ச' என்று சொல்லியிருக்கிறேன்.

"இதைப் படிச்சா எனக்குக் கோவம் வரும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். வந்து திட்டுவேன்னு நினைச்சேன்" என்றாள். "திட்டுறதுக்காவது வருவேல்ல."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சாப்பாட்டு நாற்காலியைத் தேடினேன். அது கட்டப்பட்டு மூலையில் தலைகீழாக நின்றது. வேறு வழியில்லாமல் சோஃபாவில் உட்கார்ந்தேன். எதிர்பார்த்தபடியே அது என்னை விழுங்கியது.

"அன்னைக்கு ஏன் ஆபீஸ்னு மட்டும் சொன்னே? என் வேலையைச் சொல்ல உனக்கு வெக்கமா?"

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"உனக்கு ஞாபகமே இல்லையா? அதுக்கு முந்தின தடவை, இதே ஆளுங்க வந்திருந்தப்ப, என் தம்பி டிக்ஷ்னரி எழுதுறான்னு எவ்வளவு பெருமையாச் சொன்னேன். நீ என்ன பண்ணினே? 'எழுதல, தொகுக்கிறோம். எழுதுறதுக்கு அது என்ன கதைப் புத்தகமா'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னே. அத்தனை பேரும் சிரிச்சாங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன். அது அச்சு அசலாக என் வாக்கியம். அட்டையே தேவையில்லை, சொன்னவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"உன்கிட்ட பேசணும்னா நான் உள்ளுக்குள்ள ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்துக்குவேன்டா. அப்பவும் எங்கயாவது தப்பு வந்துடும். நீ திருத்துவே. அன்னைக்கு அவர் கேட்டதும் தொகுக்கிறான்னு சொல்றதா, சேக்கிறான்னு சொல்றதான்னு எனக்குக் குழப்பம். நாக்கு ஒட்டிக்கிச்சு. ஆபீஸ்னு சொல்லிட்டேன். நீ டீயைக்கூட குடிக்காம எழுந்து போயிட்டே."

"அப்புறம் அத்தான்கிட்ட எனக்குத்தான் தாழ்வு மனப்பான்மைன்னு சொன்னியா?"

"உன் தம்பி ஏன் இப்படிப் போறான்னு அவர் கேட்டாரு. உன்னைப் பாத்தா எனக்குப் பேச்சு வராதுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அந்த வார்த்தை கைக்குக் கிடைச்சுது. எடுத்து உன் மேல போட்டுட்டேன்."

வியாழக்கிழமை நான் மற்றவர்களிடம் கண்டுபிடித்துச் சிரித்த சங்கதிதான். ஆனால் இப்போது சிரிப்பு வரவில்லை. வருத்தமாக இருந்தது. சொன்னவளுக்குத்தான் அது இருந்திருக்கிறது. அதை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

என் பங்குக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. சொல் வாய்வரை வந்தது. நாற்பத்தொரு அட்டையிலும் இருந்த சொல்தான். ஆனால் என்னைப் பற்றி அதைச் சொல்ல எனக்கும் வரவில்லை.

"உனக்கு வெக்கம்னு நான் ஏன் நினைச்சேன்னா..." என்று ஆரம்பித்தேன். "நாலு பேரும் லிஃப்ட், கட்டடம், வெளிநாடுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நான் என்னத்தைச் சொல்றது? ஒரு வருஷமா 'ச'ன்னா? யாரும் என்னை எதுவும் கேட்டுடக் கூடாதுன்னுதான் உக்காந்திருந்தேன். கேட்டுட்டாங்க."

"அப்ப வாசல் பக்கம் உக்காந்தது?"

"ஃபேனுக்காகத்தான்" என்றேன். பிறகு, "பாதி ஃபேனுக்காக" என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசை மேல் இருந்த எழுதாத அட்டைக் கட்டை எடுத்தாள். "இதை எழுதி அனுப்பட்டுமா? தம்பி, தன்னைப் பற்றி, அக்காவிடம்."

"அனுப்பலாம். ஆனா அந்த வார்த்தையே நான் சொல்லலையே. எந்த எழுத்துல போடுறது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "நானும்தான் என்னைப் பத்தி அந்த வார்த்தையைச் சொல்லல" என்றாள்.

இடது தட்டு காலியாகவேதான் இருந்தது. மறுநாள் பதிப்பாசிரியரிடம் அதை அப்படியே சொன்னேன். பழைய பொருளை எடுத்துவிட்டோம். 'ஒருவர் விலகி நிற்பதற்கு, அவரைக் கேட்காமலே மற்றவர் சொல்லும் காரணம்' என்று நான் எழுதிக் கொடுத்ததை, ஒரு எழுத்தும் மாற்றாமல் அவர் அச்சுக்கு அனுப்பினார்.

ஆனால் அது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நான் இன்னும் சோஃபாவில்தான் கிடந்தேன். அத்தானும் சாமான் கட்டுகிறவரும் கூடத்துக்கு வந்தார்கள். "வாப்பா, எப்ப வந்தே?" என்று கேட்டபடியே அத்தான் என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். மறு கையைச் சாமான் கட்டுகிறவர் பிடித்தார். நிமிர்ந்ததும் அவர் கண் மேசை மேல் போனது.

"இந்த அட்டைக் கட்டு என்னம்மா, குப்பையில போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாங்க. அது என் தம்பி வேலைக்கு வேணும்."

"அப்படியா? சார் என்ன பண்றாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். உதடு சத்தமில்லாமல் அசைந்தது. உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரிந்தது. ஒரு முறை, இன்னொரு முறை.

"டிக்ஷ்னரி எழுதுறான்" என்றாள்.

சாமான் கட்டுகிறவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களா எழுதுறீங்க?"

"ஆமாங்க" என்றேன். "எழுதுறேன்."